மனைவிக்கு உங்கள் கம்பெனியிலிருந்து ரிடண்டன்சி: பிரிட்டனில் எப்படிக் கணக்கிடுவது, எதற்கு வரி வரும்

பிரிட்டனில் சின்ன லிமிடெட் கம்பெனி நடத்தும் தமிழ்க் குடும்பங்களில் கணவர் டைரக்டர், மனைவி பேரோலில் (சம்பளப் பட்டியலில்) என்ற ஏற்பாடு சாதாரணம். சில வீடுகளில் மனைவி டைரக்டர், கணவர் பேரோலில். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வியாபாரம் சுருங்கி அந்த வேலை இல்லாமல் போனால் அவருக்கு ரிடண்டன்சி பணம் உண்டா, 30,000 பவுண்ட் வரை வரி இல்லை என்கிறார்களே, அதை இங்கே எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வழி நெடுக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்: சொந்தமில்லாத ஒருவர் இதே வேலையில் இருந்திருந்தால் இதையேதான் செய்திருப்பீர்களா?

கணக்குப் புரிய ஒரு கற்பனை உதாரணம். கம்பெனிக்கு இரண்டு கடைகள். இரண்டாவது கடையின் லீஸ் முடிந்து மூடுகிறார்கள். அந்தக் கடையின் ஸ்டாக்கையும் கணக்கையும் மனைவிதான் பார்த்துவந்தார். வயது 44, முழுதாக 9 ஆண்டு வேலை, வாரம் 18 மணி நேரம், சம்பளம் வாரம் 240 பவுண்ட். எண்கள் எல்லாம் 2025 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரையிலான வரி ஆண்டுக்கு உரியவை. ஏப்ரல்தோறும் சில மாறும், எனவே வேலை முடியும் தேதிக்குரிய எண்ணையே எடுங்கள்.

முதல் படி: அவர் உண்மையிலேயே ஊழியர்தானா?

மற்ற படிகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன, அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். எழுத்தில் வேலை ஒப்பந்தம், மாதாமாதம் பே ஸ்லிப், சம்பளம் அவருடைய வங்கிக் கணக்குக்கே போனதற்கான ஸ்டேட்மென்ட், அவர் செய்த வேலை தெரியும் மின்னஞ்சல்கள், ஆர்டர்கள் என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். பேரோலில் பெயர் மட்டும் இருந்து பணம் கை மாறவே இல்லை என்றால், ரிடண்டன்சி பேச்சை எடுப்பதற்கு முன்பே, பழைய சம்பளத்தைக் கம்பெனி லாபத்திலிருந்து கழித்ததே கேள்விக்குள்ளாகும்.

1941-இல் கோப்மன் எதிர் வில்லியம் ஃபிளட் அண்ட் சன்ஸ் என்று ஒரு வழக்கு வந்தது. பன்றி வியாபாரம் செய்த குடும்பக் கம்பெனி அது. மகளின் வேலை தொலைபேசி அழைப்புகளைக் கவனிப்பது, சம்பளமோ மிகப் பெரிது. கம்பெனி அதைச் சம்பளம் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது, அந்தத் தொகை முழுதும் வியாபாரத்துக்காகவே கொடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். சொந்தக்காரர் சம்பளத்தைப் பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சி இன்றும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது.

குறைந்தபட்சக் கூலியையும் பார்த்துவிடுங்கள். வீட்டு ஆள்தானே என்ற விலக்கு லிமிடெட் கம்பெனிக்குப் பொருந்தாது, ஏனென்றால் கம்பெனிக்குக் குடும்பம் கிடையாது. 21 வயதிலிருந்து மணிக்கு 12.21 பவுண்ட். நம் உதாரணத்தில் 240-ஐ 18-ஆல் வகுத்தால் 13.33 வருகிறது. சரி, மேலே போகலாம்.

இரண்டாம் படி: வேலை போனதா, ஆள் போகிறாரா?

1996-ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டப்படி வியாபாரம் மூடப்படுவது, வேலையிடம் மூடப்படுவது, அந்த வகை வேலைக்கு ஆள் தேவை குறைவது ஆகியவைதான் ரிடண்டன்சி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவரே வேலையை விட விரும்பினால் அது ராஜினாமா. அதற்கு ரிடண்டன்சி என்று பெயர் வைத்துப் பணம் கொடுக்கக் கூடாது. அதேபோல், இன்று பணம் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் அதே வேலைக்கு அவரையே கூப்பிட்டால், வேலை போகவே இல்லை என்று ஆகிவிடும்.

எனவே காரணத்தை எழுதிவையுங்கள்: லீஸ் முடிந்த கடிதம், கடை மூடும் முடிவெடுத்த டைரக்டர் கூட்டக் குறிப்பு. மற்றக் கடையில் அவருக்கு வேறு வேலை உண்டா என்று பார்த்ததையும், அவரிடம் பேசிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் பேசியிருந்தாலும் அதன் பிறகு ஒரு கடிதம் போக வேண்டும். பிறகு உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: சட்டப்படி எவ்வளவு?

இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால்தான் இந்த உரிமை வரும். 22 வயதுக்குக் கீழே இருந்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் அரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், 41-இலிருந்து ஒன்றரை வாரம். அதிகபட்சம் 20 ஆண்டுகளே கணக்கில் வரும். வாரச் சம்பளத்துக்கும் 719 பவுண்ட் என்ற வரம்பு உண்டு.

நம் உதாரணத்தில் 41 வயதுக்குப் பிந்தைய 3 ஆண்டுக்கு 4.5 வாரம், அதற்கு முந்தைய 6 ஆண்டுக்கு 6 வாரம். மொத்தம் 10.5 வாரம். 240-ஆல் பெருக்கினால் 2,520 பவுண்ட். இந்தக் கணக்கை எழுத்தில் அவரிடம் கொடுப்பது முதலாளியின் கடமை.

நான்காம் படி: நோட்டீஸ் பணத்தைத் தனியாக எடுங்கள்

வரியில் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வேலையை முடிப்பதற்கு முன், ஆண்டுக்கு ஒரு வாரம் வீதம், 12 வாரம் வரை நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 9 ஆண்டுக்கு 9 வாரம். அவர் அந்த 9 வாரமும் வேலை செய்தால் அது வழக்கமான சம்பளம், சிக்கல் இல்லை. நோட்டீஸ் இல்லாமல் அன்றே முடித்து, மொத்தமாக 10,000 பவுண்ட் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் சட்டப்படியான 2,520-ஐ முதலில் ஒதுக்குங்கள். மிச்சம் 7,480. அதிலிருந்து 9 வாரச் சம்பளமான 2,160-ஐச் சம்பளம் போலவே நடத்தி வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் (சம்பளத்தின் மேல் ஊழியரும் கம்பெனியும் அரசுக்குக் கட்டும் தொகை) பார்க்க வேண்டும். கடிதத்தில் முழுத் தொகைக்கும் ரிடண்டன்சி என்று எழுதினாலும் இது மாறாது. 2018 ஏப்ரலிலிருந்து இந்த விதி இருக்கிறது. எடுக்காத விடுமுறைக்கான பணமும் சம்பளமே.

மீதி 5,320, சட்டப்படியான 2,520, இரண்டும் சேர்ந்து 7,840 பவுண்ட். இது 30,000-க்குள் இருப்பதால் அவருக்கு வருமான வரி இல்லை, நேஷனல் இன்சூரன்ஸும் இல்லை. 30,000-ஐத் தாண்டும் தொகைக்கு அவர் வருமான வரி கட்டுவார். அதன் மேல் 15 சதவீத நேஷனல் இன்சூரன்ஸைக் கம்பெனி கட்ட வேண்டும். ஒரே குடும்பத்தின் இரண்டு கம்பெனிகளிலிருந்து கொடுத்தால் இரண்டு 30,000 கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இணைந்த கம்பெனிகளின் தொகைகளைச் சேர்த்தே பார்ப்பார்கள்.

ஐந்தாம் படி: கம்பெனிக்குக் கழிவு கிடைக்குமா?

மனைவிக்கு வரி இல்லை என்பது ஒரு விஷயம், கம்பெனியின் லாபத்திலிருந்து அந்தத் தொகையைக் கழிக்கலாமா என்பது வேறு. சட்டப்படியான 2,520-க்குக் கழிவு உண்டு. நோட்டீஸ் பணம் சம்பளம் என்பதால் அதற்கும் உண்டு. கேள்வி அந்த 5,320 மேல்தான். வியாபாரம் தொடர்ந்து நடக்கிறது என்றால் அது முழுக்க வியாபாரத்துக்காகக் கொடுத்தது என்று காட்ட வேண்டும். முன்பு வேலை போன இன்னொரு ஊழியருக்கும் இதே அளவில் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதுதான் மிக நல்ல சான்று. அவருக்குச் சட்டப்படியானதை மட்டும் கொடுத்து மனைவிக்கு நான்கு மடங்கு கொடுத்தால், பதில் சொல்வது கடினம். நானாக இருந்தால் அந்த நிலையில் கூடுதல் கொடுக்கவே மாட்டேன்.

வியாபாரத்தையே நிரந்தரமாக மூடினால் விதி கொஞ்சம் தளர்வு. சட்டப்படியான தொகையின் மூன்று மடங்கு வரை கூடுதலாகக் கொடுத்ததற்கும் கழிவு உண்டு. நம் உதாரணத்தில் 7,560 பவுண்ட்.

மனைவி பங்குதாரராகவும் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பெரிய தொகையைக் கொடுத்தால், இது ரிடண்டன்சி இல்லை, லாபப் பங்கு என்று எச்எம்ஆர்சி சொல்லக்கூடும். அப்படி ஆனால் கம்பெனிக்குக் கழிவும் போகும், அவருக்கு டிவிடெண்ட் வரியும் வரும். இந்த நிலையில் பணம் கொடுப்பதற்கு முன்பே அக்கவுன்டன்ட்டிடம் போங்கள்.

கடைசியாகப் பேரோல் வேலை

சம்பளம், நோட்டீஸ், விடுமுறைப் பணம் ஆகியவற்றைக் கடைசிப் பே ஸ்லிப்பில் போட்டுவிட்டு, வேலையை விட்டுப் போகிறவருக்குத் தரும் பி45 படிவத்தைக் கொடுங்கள். பி45 கொடுத்த பிறகு வரிக்குரிய பணம் கொடுத்தால் வரியில்லா வரம்பைக் கணக்கில் எடுக்காத 0டி என்ற கோடில் வரி பிடிக்க வேண்டிவரும், அவர் பணத்தில் முதலிலேயே அதிக வரி போய்விடும். பணத்தை அவருடைய சொந்தக் கணக்குக்கே அனுப்புங்கள். ஒப்பந்தம் முதல் வங்கி ஸ்டேட்மென்ட் வரை எல்லாவற்றையும் அந்தக் கணக்காண்டு முடிந்து 6 ஆண்டு வைத்திருங்கள்.

இன்னொன்று: மனைவி போன பிறகு சம்பளம் வாங்கும் ஒரே ஆள் டைரக்டர்தான் என்றால், அடுத்த வரி ஆண்டிலிருந்து 10,500 பவுண்ட் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் (கம்பெனி கட்டும் நேஷனல் இன்சூரன்ஸில் கிடைக்கும் சலுகை) கிடையாது. ஏப்ரல் வந்ததும் பேரோல் மென்பொருளில் அந்தக் கட்டத்தில் டிக் எடுத்துவிடுங்கள்.