ஸ்மார்ட் வகுப்பறை பூட்டிக் கிடக்காமல் இருக்க: வேலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு

தொடுதிரையோ ப்ரொஜெக்டரோ வருவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் கோடையில் தரை காயும்போது எர்த் குழியும் சேர்ந்து காய்கிறது. ஈரமில்லாத மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. மல்டிமீட்டரில் மூன்று அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இது 10, 20 என்று ஏறினால் எர்த்திலோ நியூட்ரல் இணைப்பிலோ கோளாறு. யாரும் தொடாமலே திரையில் கோடு ஓடுவதற்கும், கம்ப்யூட்டர் பெட்டியில் கை பட்டால் சுர்ரென்று இழுப்பதற்கும் பல இடங்களில் இதுதான் காரணம். 'திரை ரிப்பேர்' என்று எழுதி அனுப்பும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். மார்ச் தொடங்கியதும் வாரம் இரண்டு குடம் தண்ணீரை எர்த் குழியில் ஊற்றச் சொல்லுங்கள்.

மின்தடைக்கு 1 கே.வி.ஏ. இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். பேட்டரியும் போதும். 75 அங்குலத் திரையும் கம்ப்யூட்டரும் சேர்ந்து சுமார் 350 வாட் இழுத்தால், நல்ல பேட்டரி இரண்டு பாடவேளை தாராளமாகத் தாங்கும். அதே இன்வெர்ட்டரில் மின்விசிறிகளையும் மாட்டிவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது.

திரையைத் தினமும் வகுப்பு நடக்கும் அறையில் மாட்டுங்கள். தனி அறையில் வைத்தால் சாவி ஒருவர் கையில் போய்விடும், அவர் விடுப்பு எடுத்த நாளில் பாடம் நிற்கும். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர் வேண்டாம். வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. 40 பிள்ளைகள் இருக்கும் அறையில் மின்விசிறிச் சத்தத்தை மீறி ப்ரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கர் கேட்காது. தனி ஸ்பீக்கர் வாங்கிவிடுங்கள்.

முதல் மாதம் எல்லா ஆசிரியர்களையும் உட்கார வைத்துப் பயிற்சி என்று தொடங்காதீர்கள். ஆர்வமுள்ள இரண்டு பேர், ஒரே வகுப்பு, வாரத்துக்கு இரண்டு பாடவேளை போதும். அவர்களுக்கு முதலில் கை பழக வேண்டியவை மூன்றுதான். கேபிளை மாட்டியும் படம் வரவில்லையென்றால் விண்டோஸ் விசையுடன் பி எழுத்தை அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்வு செய்வது. எச்.டி.எம்.ஐ. மாட்டியதும் சத்தம் காணாமல் போனால், திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் திறந்து சரியான கருவியை மாற்றுவது. ப்ரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்து, உள் விசிறி நின்ற பிறகே சுவர் சுவிட்சை அணைப்பது. பிள்ளைகள் முன்னால் ஐந்து நிமிடம் தடுமாறிய ஆசிரியர் அடுத்த வாரம் அந்தப் பக்கமே வர மாட்டார். அதனால் இந்த மூன்றும் பாடத்தைவிட முக்கியம்.

கரும்பலகையில் காட்ட முடியாததை மட்டும் திரைக்குக் கொண்டுவாருங்கள். பாடநூல் பக்கத்தையே பெரிதாகக் காட்டுவதில் பயனில்லை, புத்தகம் பிள்ளைகள் கையிலேயே இருக்கிறது. மின்சுற்றுக்கு ஃபெட் இணையதளத்தில் உள்ள செய்து பார்க்கும் மாதிரிகள், வடிவியலுக்கு ஜியோஜிப்ரா மென்பொருள், இரண்டும் இலவசம். பாடநூலில் உள்ள க்யூ.ஆர். குறியீட்டை முந்தின நாளே திறந்து பார்த்து, வீடியோவைப் பென்டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். நான்கு நிமிட வீடியோவை இரண்டு இடத்தில் நிறுத்தி 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேட்டுவிட்டு ஓட்டுங்கள். நிறுத்தாமல் ஓடும் வீடியோவைப் பிள்ளைகள் பார்ப்பார்கள், யோசிக்க மாட்டார்கள்.

லேபில் 20 கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் சாதாரணத் தரத்துக்கே 20 முதல் 30 எம்.பி.பி.எஸ். தேவைப்படும். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலை ஊர்களில் இணையத்தை நம்பி பாடவேளை போடுவதே சரியில்லை. 4 ஜி.பி. ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் கொலிப்ரி மென்பொருளை நிறுவி, பாடங்களை டவுனில் ஒருமுறை இறக்கி, சாதாரண வைஃபை ரூட்டரோடு இணைத்தால் மற்ற கம்ப்யூட்டர்கள் இணையம் இல்லாமலே அதிலிருந்து படிக்கும்.

பழைய வினாத்தாள்கள் வானவில், பாமினி எழுத்துருக்களில் இருந்தால் புதுக் கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் திறக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், என்.எச்.எம். கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றலாம். புதிதாகத் தட்டச்சு பழகுபவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறையைச் சொல்லிக்கொடுங்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவை வைரஸ் பார்க்காமல் லேபில் செருகக் கூடாது. எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளம்) பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டுவது, பிள்ளைகளின் ஆதார் எண் உள்ள பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

ப்ரொஜெக்டர் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்; அடைத்தால் சூடேறித் தானே அணைந்துவிடும். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள். மே விடுமுறைதான் பேட்டரிக்கு எமன்: சும்மா கிடந்தே சார்ஜ் இறங்கி, ஜூனில் உயிர் பெறாது. 15 நாளுக்கு ஒருமுறை யாராவது வந்து முழுதாக சார்ஜ் செய்ய வேண்டும். யார், எந்தத் தேதி என்பதை ஏப்ரல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.