மெசோஅமெரிக்க அகழாய்வுகளை இணையத்தில் பின்தொடர்வது எப்படி?

மெசோஅமெரிக்கா என்பது மாயா, அஸ்டெக் போன்ற பழைய நாகரிகங்கள் செழித்த நிலப்பகுதி. அதைச் சேர்ந்த மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் ஆகிய நாடுகளில் நடைபெறும் அகழாய்வுகளைத் தொடர விரும்புவோர், அகழாய்வுக்கு அனுமதி வழங்கும் அரசு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே தொடங்க வேண்டும். மெக்சிகோவில் அது, 1939-இல் நிறுவப்பட்டு ‘இனா’ என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனம். அதன் செய்தி அறிக்கைகள் ஸ்பானிய மொழியில் வெளிவருகின்றன. உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியைக் கொண்டே அவற்றைப் படித்துவிடலாம். ஆனால் தேடும்போது ஊர்ப்பெயரையும் திட்டத்தின் பெயரையும் ஸ்பானிய எழுத்துக்கூட்டலில் இடுவதே பலன் தரும்.

எல்லா இடங்களையும் ஒருசேரப் பின்தொடர முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. தொடக்கத்திற்கு, மெக்சிகோ நகரின் நடுவே உள்ள அஸ்டெக் பெருங்கோயிலான டெம்ப்ளோ மயோர் பொருத்தமானது. 1978-இல் மின் நிறுவன ஊழியர்கள் பள்ளம் தோண்டியபோது கொயோல்ஷாவ்கி தேவியின் வட்டக்கல் வெளிப்பட்டது. அதையடுத்துத் தொடங்கிய திட்டத்தில் 2006-இல் த்லால்தெகூத்லி என்னும் நிலத்தெய்வத்தின் சிற்பம் கிடைத்தது. அருகிலேயே 2015-இல் பலியிடப்பட்டோரின் மண்டையோடுகளை அடுக்கிவைத்த அமைப்பு கண்டறியப்பட்டது, அதன் இன்னொரு பகுதி பற்றிய அறிவிப்பு 2020-இல்தான் வந்தது. மாயா நாகரிகம் செழித்த தாழ்நிலக் காடுகளில் பெரும்பாலும் வறண்ட மாதங்களில்தான் தோண்டுகிறார்கள் என்பதால், மழைக்காலத்தில் அங்கிருந்து செய்தி வராததைக் கண்டு பணி நின்றுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

‘மறைந்த நகரம் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைக் கண்டால், அங்கே உண்மையில் யாரேனும் தோண்டினார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். 2024-இல் உலகெங்கும் பேசப்பட்ட மெக்சிகோவின் காம்பேச்சே மாநிலத்து மாயா நகரமான வலேரியானாவையே எடுத்துக்கொள்வோம். காட்டின் கரிம அளவை அறிவதற்காக 2013-இல் விமானத்திலிருந்து திரட்டப்பட்டு, இணையத்தில் எவரும் எடுக்கும்படி கிடந்த லைடார் (லேசர் ஒளியால் நிலத்தின் மேடுபள்ளங்களை அளக்கும் முறை) தரவை லூக் ஆல்ட்-தாமஸ் பிற ஆய்வாளர்களுடன் பகுத்தாய்ந்ததில் பிரமிடுகளும் பந்தாட்டக் களமும் புலப்பட்டன. ‘ஆன்டிக்விட்டி’ ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தபோது அங்கே அகழாய்வு எதுவும் நடந்திருக்கவில்லை. கண்டுபிடிப்பின் மதிப்பு இதனால் குறையாது. எனினும், மண்ணுக்கடியில் கிடைத்த சான்று என்று அதைக் கொள்ளலாகாது.

செய்தி அறிக்கையோடு நின்றுவிடுவது போதாது. பெலீஸில் உள்ள மாயா நகரமான கரகோலில் 1985 முதல் ஆய்வு நடத்திவரும் தொல்லியலாளர்களான சேஸ் இணையர் ஒவ்வொரு அகழாய்வுப் பருவத்தின் அறிக்கையையும் தங்கள் திட்ட இணையதளத்தில் இடுகின்றனர். குவாத்தமாலாவில் 1987 முதல் நடைபெறும் தொல்லியல் கருத்தரங்கின் கட்டுரைகள் பலவும் இணையத்தில் கிடைக்கின்றன. இவற்றில் வண்ணப் படங்களைவிட மண்ணடுக்கு வரைபடமும், மாதிரியிலுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதறியும் கரிமக் காலக்கணிப்பு அட்டவணையுமே பயன் மிக்கவை. எந்தக் கட்டடத் தரையின் கீழிருந்து மாதிரி எடுக்கப்பட்டது என்பதை வரைபடத்தில் கண்டறிந்து, அட்டவணையின் ஆண்டோடு ஒப்பிட்டால், செய்தியில் சொன்ன காலம் எந்த அளவுக்கு உறுதியானது என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.