வறிய குடும்பத்துப் பிள்ளைகளை முன்பள்ளியில் சேர்க்க வைப்பது எப்படி?

இலங்கையில் 1945 முதல் நடைமுறையிலிருக்கும் இலவசக் கல்வி, பிள்ளை முதலாம் தரத்தில் கால்வைத்த பிறகே கைகொடுக்கிறது. அதற்கு முந்திய முன்பள்ளிகளைப் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளும் சமய அமைப்புகளும் சங்கங்களும் தனியாருமே நடத்துவதால், பல இடங்களில் மாதக் கட்டணம் பெற்றோர் தலையில் விழுகிறது. ஆகவே, திருகோணமலைக் கரையோரத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைச் சேர்க்கத் தயங்கினால், அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாமல், அவர் போட்டுப் பார்த்திருக்கும் வரவு செலவுக் கணக்கை முதலில் கேட்டறிய வேண்டும்.

அந்தக் கணக்கில் மாதம் முக்கியமானது. முன்பள்ளி ஆண்டு வழமையாக ஜனவரியில் தொடங்குகிறது. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து, குச்சவெளியிலும் சல்லியிலும் சிறு வள்ளங்கள் கரையேறிக் கிடப்பதும், தம்பலகாமத்தில் பெரும்போக நெல் இன்னும் அறுவடைக்கு வராதிருப்பதும் அதே காலத்தில்தான். அனுமதிப் பணம், சீருடை, சப்பாத்து என எல்லாவற்றையும் அப்போதே கேட்டால் எந்தக் கூலிக் குடும்பமும் பின்வாங்கும். அனுமதிப் பணத்தை ஏப்ரலுக்குப் பிறகு சிறிது சிறிதாகப் பெறவும், ஆண்டின் முதல் பள்ளித் தவணையில் சீருடையை வற்புறுத்தாதிருக்கவும் நிர்வாகத்தை இணங்கச் செய்த பிறகு வீடுகளுக்குச் செல்லுங்கள். வெறுங்கையோடு போய் அறிவுரை சொல்வதால் பயனில்லை.

பேச்சைத் தொடங்க நல்ல இடம் கிளினிக். மூன்று வயது முடிந்ததும் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசிக்காகத் தாய்மார் பிள்ளையைக் கொண்டுவருவார்கள். குடும்பநல உத்தியோகத்தர் அங்கே சொல்லும் ஒரு வார்த்தைக்கு, முன்பின் அறியாதவர் வாசலில் நின்று சொல்லும் பத்து வார்த்தையின் மதிப்பு உண்டு. வீட்டுக்குச் செல்வதானால், தகப்பனும் அம்மம்மாவும் இருக்கும் மாலை வேளையில் செல்லுங்கள்.

"ஒண்டாம் வகுப்புக்குப் போனாப் படிக்கத்தானே போறான்" என்ற பதிலை அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்பீர்கள். அதோடு வாதாடாமல், தாயை ஒரு காலை முன்பள்ளியில் வந்து உட்காரச் சொல்லுங்கள். பாயில் கொட்டிய சிப்பிகளையும் புளியங்கொட்டைகளையும் பிள்ளைகள் சிறியவை, பெரியவை எனப் பிரித்து அடுக்குவதையும், ஒரு பிள்ளை "அடுத்தது என்ர முறை" என்று சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைக்காகப் பொறுத்திருப்பதையும் அவரே காணட்டும். எழுத்துக்கு முன்னர் எண்ணும், மொழியும், பொறுமையும் இப்படித்தான் வருகின்றன என்பதை அந்த இடத்தில் வைத்தே விளக்குங்கள்.

தூரம் தடையென்றால், ஒரே ஒழுங்கையிலுள்ள தாய்மார் முறைவைத்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல ஏற்பாடு செய்யலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதி கையில் இல்லாதவர்களுக்கு, பிரதேச செயலகத்துக்குக் கூடச் சென்று உதவுங்கள்.

சேர்த்த பிறகும் கவனம் தேவை. கட்டணம் பிந்திய பிள்ளையின் பெயரை மற்றவர்கள் முன்னால் வாசிப்பதைப் போல ஒரு குடும்பத்தை விலகச் செய்வது வேறில்லை. அதைப் பெற்றோரிடம் தனியாகவே பேச வேண்டும். பிள்ளை தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் வராவிட்டால், ஆசிரியர் அன்று பின்னேரமே வீட்டுக்குச் சென்று, பணத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல், பிள்ளைக்குச் சுகமா என்று விசாரிக்கட்டும்.