தருக்கப் பிழையைப் பிடிக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

தருக்கப் பிழைகளின், அதாவது சொன்ன காரணம் முடிவைத் தாங்காத வாதங்களின், பட்டியலைப் படித்த கையோடு பலரும் செய்யும் முதல் வேலை, எதிரே பேசுகிறவர்மேல் ஒரு பிழையின் பெயரை ஒட்டிவிட்டு ஜெயித்த மாதிரி எழுந்து போவது. பட்டியல் ஒன்றும் புதிதல்ல. அரிஸ்டாட்டில் 13 வகை சொன்னார், மணிமேகலையின் 29ஆம் காதையில் ஏதுப்போலி (காரணம் போலத் தோன்றும் போலிக் காரணம்) மட்டுமே 14 வரும். பெயர் தெரிந்தால் போதாது. அவர் சொன்ன காரணம் அவருடைய முடிவை ஏன் தாங்கவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள், வரவில்லை என்றால் பிழை அங்கே இல்லாமலே இருக்கலாம்.

"வாரத்துல ஒரு நாளாவது சீக்கிரம் வாங்களேன்" என்று மனைவி கேட்க, "அப்ப வேலையை விட்டுட்டு வீட்லயே உட்காரச் சொல்றியா?" என்று கணவர் பாய்கிறார். கேட்காத ஒன்றுக்குப் பதில். இதைப் பிடிப்பது சுலபம்.

இன்னொன்று அவ்வளவு சுலபமில்லை. "ராத்திரி போன் பார்க்காதே, தூக்கம் கெடும்" என்கிறார் அப்பா. "நீங்க மட்டும் பார்க்கலாமா?" என்கிறாள் மகள். 'நீ மட்டும் யோக்கியமா' வகைப் பிழை என்று உடனே சொல்லத் தோன்றும், ஓரளவு சரியும்கூட, ஏனென்றால் அப்பா பார்க்கிறார் என்பதற்காக மகளுடைய தூக்கம் கெடாமல் இருக்கப் போவதில்லை. ஆனால் அவள் தூக்கத்தை மறுக்கவே இல்லாமல், இந்த விதி வீட்டில் எல்லோருக்கும் உண்டா என்று கேட்கிறாள் என்றால்? அது நியாயமான கேள்வி. எதை மறுக்கிறார்கள் என்று பார்க்காமல் தீர்ப்பு சொல்வதுதான் இங்கே தவறு.

திட்டினாலே 'தனிநபர் தாக்குதல்' என்ற பிழை என்று சொல்லிவிடுவதும் அப்படித்தான். "முட்டாளே, கூட்டல் தப்பா இருக்கு பார்" என்பது மரியாதைக் குறைவு, அவ்வளவே. வாதம் கூட்டலில் நிற்கிறது. "நீ முட்டாள், அதனால உன் கணக்கு தப்பு" என்றால்தான் பிழை. சாட்சி சொல்ல வந்தவர் பணம் வாங்கினாரா என்று விசாரிப்பதும் பிழையில் சேராது, அவர் சொல்லை நம்பித்தானே முடிவெடுக்கப் போகிறோம்.

எல்லாவற்றையும்விட மோசமானது, வாதம் சொத்தை என்று கண்டதும் முடிவும் பொய் என்று நினைத்துவிடுவது. (இதற்கும் பட்டியலில் தனிப் பெயர் உண்டு, பெயர் ஒட்டுபவர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.) "எங்க தாத்தா பீடி தொட்டதே இல்லை, 90 வயசு வரைக்கும் இருந்தார், அதனால புகை கெடுதல்" என்று ஒருவர் சொல்கிறார். ஒரே ஒரு தாத்தாவை வைத்து எதையும் நிறுவ முடியாது, சரி. உடைந்தது அந்தத் தாத்தா கதை மட்டும்தான். புகையிலை புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதற்கு வேறு ஆதாரம் ஏராளமாக இருக்கிறது.