பணியிடப் பாகுபாடு: சட்ட உதவி தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

பாகுபாடு நடந்தது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் கெடு தாண்டி வந்ததால் வாசலிலேயே நின்றுபோகும் புகார்கள் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் தலையாய தவறு. அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுக்கப் பொதுவாக 180 நாள்; மாநிலத்தில் தனிச் சட்டமும் அமைப்பும் இருந்தால் 300 நாள். கனடாவின் மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடம். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் மூன்றே மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டுவார்கள்.

"ஹெச்.ஆர். விசாரிக்கிறார்கள், முடியட்டும்" என்று பலர் காத்திருக்கிறார்கள். வெளியே உள்ள அமைப்பின் கெடு அதற்காக நிற்கும் என்று நம்பாதீர்கள். உள்ளே புகார் கொடுத்த வாரத்திலேயே கெடு தேதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எழுதும் விதம். "மேலாளர் மட்டம் தட்டுகிறார், டார்ச்சர் தாங்கவில்லை" என்று நாலு பக்கம் எழுதுவார்கள். எல்லாரையும் மட்டம் தட்டுகிற மேலாளர் மோசமானவர்தான். ஆனால் அது மட்டும் பாகுபாட்டுச் சட்டத்துக்குள் வராமல் போகலாம். பாலினம், சாதி, மதம், இனம், வயது, உடற்குறைபாடு, கர்ப்பம் என எதனால் அப்படி நடத்தினார்கள் என்பது புகாரிலேயே இருக்க வேண்டும். உதாரணமாக:

"மார்ச் 4, காலை 10.30 மணிக் கூட்டம். 'பிரசவ விடுப்பில் போகிறவருக்கு எதற்கு இந்த புராஜெக்ட்?' என்றார் மேலாளர். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மாலையே பொறுப்பு கைமாறியது, மெயில் இருக்கிறது."

நாலு பக்கப் புலம்பலைவிட இந்தக் குறிப்பு வக்கீலுக்கு உதவும். அதே வேலை, அதே தகுதி உள்ள மற்றவரை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

ஆதாரம் என்ற பெயரில் வாடிக்கையாளர் பட்டியல், அடுத்தவர் சம்பள விவரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். ரகசியத்தை மீறினீர்கள் என்று கதை உங்கள் பக்கமே திரும்பும். உங்களுக்கென்று தந்த நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றின் நகல் இருந்தாலே நல்ல தொடக்கம். வக்கீலோடு பேச அலுவலக மெயிலும் லேப்டாப்பும் வேண்டவே வேண்டாம். அதையெல்லாம் நிறுவனம் பார்க்க முடியும்.

கோபத்தில் ராஜினாமா செய்வதும், "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரியைப் படிக்காமல் செட்டில்மென்ட்டில் கையெழுத்துப் போடுவதும் அநேகமாகத் திரும்பப் பெற முடியாதவை. இரண்டுக்கும் முன்னால் ஆலோசனை கேளுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? சொத்துத் தகராறில் கெட்டிக்காரராக இருக்கும் குடும்ப வக்கீல் இதற்குப் பொருத்தமில்லாமல் போகலாம். தொழிலாளர் வழக்குகள் நடத்துபவராகப் பாருங்கள், கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். கட்டுப்படியாகாவிட்டால் தொழிற்சங்கத்தையோ இலவச சட்ட உதவி அமைப்பையோ அணுகலாம். யாரிடம் போனாலும் பழைய மெமோ, தாமத வருகை போன்றவற்றை மறைக்காமல் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டப்போவது அவற்றைத்தான்.