அடாப்டிவ் சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்கிறதா? ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கும் வழி

டெஸ்ட் டிரைவ் போய்விட்டு வந்து, “ஸ்போர்ட் மோடு போட்டேன், வண்டி அப்படியே கெட்டியாகிவிட்டது” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கெட்டியானது சஸ்பென்ஷனா ஸ்டீயரிங்கா என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. காரணம், அந்த ஒரு பட்டனை அழுத்தினால் ஸ்டீயரிங் கனமாகும், ஆக்சிலரேட்டர் சுறுசுறுப்பாகும், கியர் மாறுவது தள்ளிப்போகும், சில வண்டிகளில் சத்தம்கூட மாறும். எல்லாம் ஒரே நொடியில் மாறும்போது மனசு அத்தனையையும் சேர்த்து “சஸ்பென்ஷன் மாறிவிட்டது” என்று எடுத்துக்கொள்கிறது. டேம்பர், அதாவது வண்டியின் ஆட்டத்தை அடக்குகிற ஷாக் அப்சார்பர், செத்துப்போன வண்டியில்கூட இப்படித் தோன்றும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலைக்குத் தகுந்தபடி டேம்பரைத் தானாகவே கெட்டியாக்கியும் இளக்கியும் கொள்வதுதான் அடாப்டிவ் சஸ்பென்ஷன். அடாப்டிவ் சஸ்பென்ஷன் நொடிக்கு நொடி செய்கிற வேலையை எந்த ஓட்டுநராலும் உணர முடியாது, ஏனென்றால் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறுவதற்குள் அது தன் முடிவைப் பல முறை மாற்றியிருக்கும். நமக்குத் தெரிவது ஒரு நிலைக்கும் இன்னொரு நிலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டும்தான். அதனால் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த ஒப்பீட்டை நேர்மையாகச் செய்வதற்குத்தான்.

படி 1: உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

இதில்தான் குழப்பம் அதிகம். ஜீப் காம்பஸ், எக்ஸ்யூவி700 போன்றவற்றில் வருகிற எஃப்எஸ்டி டேம்பர்கள் அதிர்வின் வேகத்தைப் பொறுத்துத் தன்மை மாறும், ஆனால் அது முழுக்க எண்ணெயும் வால்வும் செய்கிற வேலை. வயர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, பட்டன் போட்டு மாற்ற எதுவும் இல்லை. அந்த வண்டிக்காரர்கள் இந்தச் சோதனையைச் செய்து ஏமாற வேண்டாம்.

எலக்ட்ரானிக் வகையில் ஒவ்வொரு டேம்பருக்கும் மின்சாரத்தால் இயங்கும் வால்வு இருக்கும். எண்ணெய் போகிற வழியைச் சுருக்கினால் டேம்பர் கெட்டியாகும், திறந்துவிட்டால் இளகும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் டிசிசி என்ற பெயரில் வருகிற அடாப்டிவ் சஸ்பென்ஷன் இந்த ரகம், மஹிந்திரா பிஇ 6-இன் மேல் வேரியன்ட்டில் வருவதும் இந்தக் குடும்பம்தான். இன்னொரு ரகம் 2002-இல் காடிலாக் செவில்லில் முதன்முதலாக வந்த மேக்னரைடு. அதில் எண்ணெய்க்குள் நுண்ணிய இரும்புத் துகள்கள் மிதக்கும், காயிலில் மின்சாரம் பாய்ந்தால் அந்த எண்ணெய் இறுகும். ஏர் சஸ்பென்ஷன் தனிக் கதை, அதில் வண்டியின் உயரமும் மாறும்.

எந்த ரகம் என்று தெரியாவிட்டால், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி நிறுத்திவிட்டு டார்ச் அடித்து முன்சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். ஏபிஎஸ் சென்சார் வயரைத் தவிர இன்னொரு வயர் டேம்பருக்கே போய்ச் சொருகியிருந்தால் அது எலக்ட்ரானிக் டேம்பர். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விலை அதிகம் என்று அடாப்டிவ் டேம்பரைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் அப்சார்பர் போட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க மென்பொருளில் அந்த வசதியையே மறைத்துவிடுகிற வேலையும் நடக்கிறது.

படி 2: பானெட்டை அழுத்திப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்

நின்றிருக்கும் வண்டியின் மூலையைக் கையால் அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்ப்பது பழைய முறை. எஞ்சின் அணைந்திருக்கும்போது வால்வுக்கு மின்சாரமே இல்லை, அதனால் நீங்கள் பார்ப்பது உயிரில்லாத நிலையை. எண்ணெய் கசிந்து டேம்பரின் உடம்பு ஈரமாகத் தூசி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

படி 3: டயர் காற்று

காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவுக்குக் காற்றைச் சரிசெய்யுங்கள். நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தாலே சின்னச் சின்ன அதிர்வெல்லாம் நேராக சீட்டுக்கு வந்துவிடும், எந்த மோடு போட்டாலும் கடினமாகத்தான் தெரியும்.

படி 4: சரியான சாலை

சோதனையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. வழவழப்பான நெடுஞ்சாலையில் கம்ஃபர்ட்டுக்கும் ஸ்போர்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, டேம்பருக்கு அங்கே வேலையே இல்லை. பெரிய பள்ளத்தில் இறக்கினாலும் தெரியாது, ஏனென்றால் கம்ஃபர்ட்டில் இருந்தாலும் பெரிய அசைவு வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே டேம்பரைக் கெட்டியாக்கிவிடும். அந்த இடத்தில் இரண்டு மோடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் நன்றாகத் தெரிவது நடுத்தரமான ஏற்ற இறக்கத்தில்.

நமக்குச் சுலபமாகக் கிடைப்பது பாலம் தொடங்குகிற இடம். பாலம் அப்படியே நிற்கும், அதையொட்டிய சாலை மட்டும் கொஞ்சம் அமுங்கியிருக்கும், 50 அல்லது 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி மெதுவாகத் தூக்கி இறக்கும். அங்கே கவனிக்க வேண்டியது தூக்கிப் போடுகிற அளவை அல்ல, அதற்கு அப்புறம் நடப்பதை. நல்ல டேம்பர் என்றால் ஸ்போர்ட்டில் வண்டி இறங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிடும். கம்ஃபர்ட்டில் இறங்கியபின் லேசாக ஒரு தடவை மேலே மிதந்து அடங்கும். இரண்டு மூன்று தடவை ஆடிக்கொண்டே போனால் அந்த டேம்பர் தளர்ந்திருக்கிறது. காரின் உடம்பு ஆடுவது நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை என்கிற வேகத்தில்தான், அதனால் மனசுக்குள் எண்ணுவது கஷ்டமே இல்லை.

இரண்டாவது, சந்திப்புகளுக்கு முன்னால் வெள்ளைப் பட்டையாக வரிசையாகப் போட்டிருக்கிற சின்ன மேடுகள். அங்கே ஆடுவது உடம்பு அல்ல, சக்கரம். நொடிக்குப் பத்து, பதினைந்து தடவை துள்ளும். கம்ஃபர்ட்டில் அது ஒரு உறுமல் சத்தமாக மட்டும் கேட்க வேண்டும், ஸ்போர்ட்டில் பாதத்திலும் தொடையிலும் தெரிய வேண்டும். 1974-இல் டீன் கார்னாப் குழுவினர் முன்வைத்த ‘ஸ்கைஹூக்’ யோசனையிலிருந்து வந்ததுதான் இன்றைய அடாப்டிவ் சஸ்பென்ஷனின் கணக்கு. வண்டியின் உடம்பை வானத்தில் ஒரு கொக்கியில் மாட்டினதுபோல அசையாமல் வைத்துக்கொண்டு, சக்கரத்தை மட்டும் சாலையோடு ஏறி இறங்க விடுவது. கம்ஃபர்ட்டில் நன்றாக வேலை செய்கிற வண்டியில் இந்த இரண்டும் தனித்தனியாக நடப்பது தெரியும்: கீழே சக்கரம் ஓடியாடிக்கொண்டிருக்கும், தலை நேராக இருக்கும்.

படி 5: சஸ்பென்ஷனை மட்டும் மாற்றுங்கள்

‘இன்டிவிஜுவல்’ மோடுக்குப் போய் ஸ்டீயரிங், எஞ்சின், கியர் எல்லாவற்றையும் நார்மலில் வைத்துவிட்டு, டேம்பரை மட்டும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மாற்றுங்கள். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் எட்டாம் தலைமுறையில் இதற்கென்றே ஒரு ஸ்லைடர் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் படிகளை ஒப்பிட வேண்டாம், அவற்றுக்கு நடுவே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அது வண்டியின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை.

படி 6: எந்த மோடு என்று தெரியாமல் உட்காருங்கள்

இதைச் செய்யாத சோதனையை நான் நம்புவதில்லை. நம்பகமான ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். பின்சக்கரம் பக்கத்திலேயே இருப்பதால் அதிர்வு அங்கே நன்றாகத் தெரியும், பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங்கும் இல்லை. அவர் தன் விருப்பப்படி மோடை மாற்றி, உங்களிடம் சொல்லாமல், அதே சாலையில் அதே வேகத்தில் திரும்பத் திரும்பப் போகட்டும். ஒவ்வொரு முறையும் எந்த மோடு என்று நீங்கள் எழுதிவைத்து, கடைசியில் சரிபாருங்கள். பெரும்பாலும் சரியாகச் சொல்லியிருந்தால் டேம்பர்கள் மாறுகின்றன என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

படி 7: சந்தேகம் தீரவில்லையா, போனை எடுங்கள்

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் போனின் சென்சார்களைப் பதிவு செய்யும். ஆக்சிலரேஷன் பதிவைத் திறந்து, போனை சீட் தண்டவாளத்தின் பக்கத்தில் தரையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். டாஷ்போர்டு ஹோல்டரில் வைத்தால் ஹோல்டரின் ஆட்டம்தான் பதிவாகும். ஒரே பாலத்தை இரண்டு மோடிலும் கடந்து, மேலும் கீழுமான அசைவைக் காட்டும் கோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் அலை சட்டென்று அடங்கி, மற்றதில் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் சிக்கல்.

படி 8: கெட்டுப்போனால் எப்படித் தெரியும்?

மின்சாரம் நின்றுபோனால் வால்வு ரக டேம்பர், அதை வடிவமைத்தவர்கள் தீர்மானித்த ஒரே நிலையில் நின்றுவிடும். பல வண்டிகளில் அது பாதுகாப்புக்காகக் கெட்டியான பக்கமாக இருக்கும். மேக்னரைடில் நேர் எதிர்: மின்சாரம் இல்லையென்றால் எண்ணெய் இறுகாது, வண்டி படகுபோல மிதக்கும், பிரேக் அடித்தால் மூக்கு குத்தும். ஒரு பக்க டேம்பர் மட்டும் போயிருந்தால் நேராக இருக்கிற மேட்டில்கூட வண்டி தோள் குலுக்குவதுபோல ஒரு மூலையை மட்டும் தூக்கும்.

நான் பார்த்தவரை நிறைய நேரம் டேம்பர் நன்றாகத்தான் இருக்கும், கெட்டது, சக்கரத்தைத் தாங்குகிற கீழ் ஆர்மோடு இணைந்து சக்கரம் ஏறி இறங்குவதை அளக்கிற உயர சென்சாரின் விரல் தடிமன்கூட இல்லாத குச்சி. அது கழன்றுவிட்டால் சக்கரம் எங்கே இருக்கிறது என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

படி 9: சர்வீஸ் சென்டரில் என்ன கேட்பது?

“சஸ்பென்ஷன் ஒரு மாதிரியா இருக்கு” என்று சொன்னால் வீல் அலைன்மென்ட் செய்து அனுப்பிவிடுவார்கள். டேம்பர் கன்ட்ரோல் யூனிட்டில் பதிந்திருக்கிற பிழைகளைப் படிக்கச் சொல்லுங்கள். மோடு மாற்றும்போது நான்கு டேம்பர்களுக்கும் போகிற மின்னோட்டம் மாறுகிறதா என்று திரையில் காட்டச் சொல்லுங்கள், உயர சென்சார்களின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மின்னோட்டம் மாறியும் வண்டியில் வித்தியாசம் இல்லையென்றால் டேம்பர்தான் தேய்ந்திருக்கிறது. மாற்றுவதானால் முன்பக்கம் இரண்டும் சேர்த்து, அல்லது பின்பக்கம் இரண்டும் சேர்த்து மாற்றுங்கள். சென்சாரைக் கழற்றி மாட்டினால் அதை மறுபடி காலிபரேட் செய்தார்களா என்று வண்டியை எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.