ஸ்காட்லாந்தின் வடகரையில் மோட்டார்ஹோம் பயணம்: திட்டமிடுவது எப்படி?

ஸ்காட்லாந்தின் வடக்கு மூலையைச் சுற்றிவரும் 'நார்த் கோஸ்ட் 500' பாதை 516 மைல், அதாவது சுமார் 830 கிலோமீட்டர். இன்வர்னெஸ் கோட்டையில் புறப்பட்டு அங்கேயே வந்து முடியும். 2015இல் இந்தப் பெயர் வைக்கப்பட்டது. சாலைகள் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வாழும் மக்களுக்காகப் போடப்பட்டவை. வரைபடத்தைப் பார்த்தால் மூன்று நாள் போதும் என்று தோன்றும். போதாது. வடக்கிலும் மேற்கிலும் பெரும்பகுதி ஒற்றைத் தடச் சாலை. நின்று, ஒதுங்கி, வழிவிட்டுப் போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் கிடைத்தாலே அதிகம். ஆகவே தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எந்த இரவு எங்கே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு நாளுக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். ஒன்பது இரவு இருந்தால் நிம்மதியாகச் சுற்றலாம். ஐந்து இரவுதான் இருக்கிறது என்றால் பாதிப் பாதையை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

வண்டி

இருவர் என்றால் ஆறு மீட்டர் நீளமுள்ள கேம்பர்வேன் (உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்த வேன்) எடுங்கள். ஃபியட் டுகாட்டோ போன்ற வேனை உள்ளே மாற்றியமைத்தவை சுமார் 2.05 மீட்டர் அகலம். தனியே பெட்டி கட்டிய ஏழு மீட்டர் மோட்டார்ஹோம் 2.3 மீட்டர் வரை வரும். கண்ணாடிகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். இந்தக் கால் மீட்டர் வித்தியாசம்தான் எதிரே லாரி வரும்போது ஓட்டுநரின் மூச்சைப் பிடிக்க வைக்கிறது. நான்கு பேர் குடும்பத்துக்குப் பெரிய வண்டி தேவைப்படலாம். அப்போது சில சாலைகளை முன்கூட்டியே விட்டுவிட வேண்டும். அவை எவை என்று கீழே வருகிறது.

இந்தியாவிலிருந்து சுற்றுலா வருபவர்கள் தங்கள் கார் உரிமத்தை வைத்து 12 மாதம் வரை 3,500 கிலோ எடைக்குட்பட்ட வண்டியை ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் வயது, உரிமம் எடுத்த ஆண்டு பற்றித் தனி நிபந்தனை வைப்பதுண்டு. பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடப்பக்கம் ஓட்டுவது நம்மவர்களுக்குப் பழகியதுதான். பழகாதது அகலமும் பின்பக்கத் தொங்கலும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடல், வளைவில் எதிர்ப்பக்கம் வீசி வேலியில் இடிக்கும். வாடகை வண்டி கைக்கு வந்ததும் காலியான கார் நிறுத்தத்தில் அரை மணி நேரம் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். உடன் வருபவர் இறங்கி நின்று, உங்கள் கண்ணாடியில் தெரியும்படி கை காட்டட்டும். வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் மீட்டரிலும் அடியிலும் ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் அருகே ஒட்டிக்கொள்ளுங்கள்.

3,500 கிலோ என்பது ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்ந்த எடை. நூறு லிட்டர் தொட்டியை நிரப்பினால் நூறு கிலோ ஏறும். அடுத்த கேம்ப்சைட்டிலும் (வண்டியை நிறுத்தி இரவு தங்க வசதியுள்ள இடம்) குழாய் இருக்கும்; ஓடும்போது கால் தொட்டி போதும்.

எந்தத் திசை, எந்த மாதம்

கடிகாரச் சுற்றில் போனால் கடல் உங்கள் இடப்பக்கம், பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் முதல்முறை ஓட்டுபவர்கள் எதிர்ச்சுற்றில் போவதே சரி. கிழக்கில் ஏ9, ஏ99 இரண்டும் இருதடச் சாலைகள். இரண்டு நாள் அங்கே ஓட்டிக் கை பழகியபின் ஒற்றைத் தடச் சாலைக்குள் நுழைவீர்கள்.

மே மாதமும் செப்டம்பரும் நல்லவை. ஜூன் நடுவில் வடகரை ஊரான டர்னெஸில் இரவு பத்தரை வரை வெளிச்சம் இருக்கும். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் என்ற கொசுவினும் சிறிய பூச்சி கூட்டமாகக் கடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் கடலோரக் கேம்ப்சைட்டுகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். அக்டோபர் முடிவிலிருந்து ஈஸ்டர் வரை பல இடங்கள் மூடியிருக்கும். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை.

இரவுகளை வைத்து ஒரு திட்டம்

முதல் இரவு டோர்னாக். இன்வர்னெஸிலிருந்து 70 கிலோமீட்டர்தான். வண்டியை வாங்கி, சாமான் ஏற்றி, மாலைக்குள் சேர இதற்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டாம், மூன்றாம் இரவு டன்னெட் பே. வழியில் டன்ராபின் கோட்டையும், விக் ஊருக்குத் தெற்கே பாறைச்சரிவில் இறங்கும் வாலிகோ படிகளும். மறுநாள் ஜான் ஓ'குரோட்ஸ், டங்கன்ஸ்பி கடற்பாறைகள், பிரிட்டன் பெருநிலத்தின் வடகோடியான டன்னெட் ஹெட் மூன்றையும் பெட்டியைக் கட்டாமல் பார்த்துவிடலாம்.

நான்காம், ஐந்தாம் இரவு டர்னெஸ். டன்னெட்டிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இதற்கு முழு நாளையும் ஒதுக்குங்கள். தர்சோவைத் தாண்டியதும் சாலை குறுகத் தொடங்கும். ஏ838 சாலை எரிபோல் கடற்கழியைச் சுற்றிக்கொண்டு போகும் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். இந்தப் பயணத்தின் சிறந்த காட்சிகளில் ஒன்று அது. சாங்கோ சாண்ட்ஸ் கேம்ப்சைட் பாறைமுகட்டின் மேலேயே இருக்கிறது. ஸ்மூ குகைக்கு நடந்தே போகலாம். முகட்டின் ஓரம் அழகு என்றாலும் காற்று பலமாக இருந்தால் உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.

ஆறாம் இரவு க்ளாக்டோல், ஏழாம் இரவு உல்லாபூல், எட்டாம், ஒன்பதாம் இரவு கேர்லாக். அங்கிருந்து ஏ832 வழியாக இன்வர்னெஸ் திரும்பலாம்.

பெரிய வண்டி போகக்கூடாத இடங்கள்

ஆப்பிள்கிராஸுக்கு ஏறும் பெலக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம், ஏற்றம் சில இடங்களில் ஐந்துக்கு ஒன்று (ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும்), மேலே கொண்டை ஊசி வளைவுகள். புதிய ஓட்டுநர்களும் பெரிய வண்டிகளும் போக வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை இருக்கிறது. நம் மலைச்சாலைகளில் ஓட்டிய தைரியத்தில் ஏறாதீர்கள்: வளைவில் எதிரே ஒரு மோட்டார்ஹோம் வந்துவிட்டால் யாராவது சரிவில் பின்னோக்கிப் போக வேண்டும், பின்னால் ஐந்து கார் நிற்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு தளரும். ஆப்பிள்கிராஸ் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஷீல்டெய்கிலிருந்து கடலோரமாகப் போய் அதே வழியில் திரும்புங்கள். அதுவும் ஒற்றைத் தடம்தான், ஆனால் சமாளிக்கலாம்.

இரண்டாவது, கைல்ஸ்கூ பக்கத்திலிருந்து டிரம்பெக் வழியாகப் போகும் பி869. நான்குக்கு ஒன்று சரிவுகள், கண் மறைக்கும் வளைவுகள். க்ளாக்டோலுக்கு லோகின்வர் வழியாகச் சுற்றி வாருங்கள். பி869இன் அந்தக் கடைசிப் பகுதி மெதுவாகப் போனால் தாங்கும். ஜிபிஎஸ் குறுகிய தூரத்தையே பார்ப்பதால் இந்த இரண்டு சாலைகளிலும் உங்களைத் தள்ளிவிடும். முந்தைய இரவே வழியைக் காகித வரைபடத்தில் சரிபாருங்கள். பல இடங்களில் போன் சிக்னலே கிடையாது.

ஒற்றைத் தடச் சாலையின் முறை

ஒதுங்குமிடங்களுக்குப் பலகை இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரெதிரே உங்கள் பக்கமே நின்றுவிடுங்கள். எதிரே வருபவர் அதற்குள் ஒதுங்கிச் செல்வார். ஒருபோதும் வலப்பக்கம் ஏறிப் போய் நிற்காதீர்கள். எதிரில் வண்டி தெரிந்ததும் அருகிலுள்ள ஒதுங்குமிடத்தைக் கண்ணால் தேடுங்கள். நெருங்கியபின் தேடினால் பின்னோக்கிப் போகும்படி ஆகும். பின்னால் வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி முன்னே விடுங்கள். இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை: ஆம்புலன்ஸ், பள்ளிப் பேருந்து, மாவட்டச் செவிலியர் எல்லோருக்கும் இருப்பது அந்த ஒரே சாலைதான். படம் எடுக்கவும் தேநீர் போடவும் ஒதுங்குமிடத்தில் நிறுத்துவது அங்கே பெரும் தொல்லையாகிவிட்டது.

தார் விளிம்பைத் தாண்டிச் சக்கரத்தை இறக்காதீர்கள். புல் உறுதியாகத் தெரியும். கீழே ஊறிய பீட் (மட்கிய தாவரச் சதுப்பு) மண், மூன்று டன் வண்டி புதைந்துவிடும். ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நின்றால் குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும், காத்திருங்கள். அந்திக்குப் பின் மான்கள் வரும் என்பதால் இருட்டுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

எங்கே தூங்கலாம்

'ஸ்காட்லாந்தில் எங்கு வேண்டுமானாலும் முகாமிடலாம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் அந்த உரிமை நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்கானது. மோட்டார் வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே இரவுகளைக் கேம்ப்சைட்டில் வையுங்கள். கடற்கரையை ஒட்டிய மாக்கெர் புல்வெளியில் வண்டியை ஏற்றுவது இன்னும் மோசம். மணல்மேல் மெல்லிய வேர்ப்படலமாக நிற்கும் அது, சக்கரத் தடம் விழுந்தால் காற்றில் அரிக்கத் தொடங்கும்.

தண்ணீர், கழிவறை, கேஸ், மின்சாரம்

கழிவறை கேசட் (கழிவு சேரும், கழற்றி எடுக்கும் தொட்டி) 17 முதல் 19 லிட்டர் கொள்ளும். இருவருக்கு இரண்டு, மூன்று நாள். கேம்ப்சைட்டில் அதற்கென உள்ள இடத்தில் மட்டும் கொட்டுங்கள். கிராமத்துப் பொதுக் கழிப்பறையில் கொட்டினால் என்ன ஆகும்? அங்கே பெரும்பாலும் செப்டிக் டேங்க். கேசட்டில் ஊற்றும் நீல நிற மருந்திலுள்ள வேதிப்பொருள் டேங்கில் கழிவை மட்கச் செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். செப்டிக் டேங்குக்கு ஏற்றது என்று எழுதிய பச்சை மருந்தையே வாங்குங்கள். பாத்திரம் கழுவிய நீரையும் சாலையோர ஓடையில் திறந்துவிடக் கூடாது. வண்டிக்குள் ஒரு குளியலுக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் போய்விடும். கேம்ப்சைட் குளியலறையையே பயன்படுத்துங்கள்.

சிலிண்டர் புரோப்பேனாக இருக்கட்டும். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகே ஆவியாகாமல் நின்றுவிடும். அடுப்பு எரியாது, ஹீட்டரும் ஓடாது. புரோப்பேன் கடுங்குளிரிலும் வேலை செய்யும். மின் இணைப்புள்ள இடத்தில் ஹீட்டரை மின்சாரத்துக்கு மாற்றிக் கேஸை மிச்சப்படுத்துங்கள். இணைப்பு 10 ஆம்பியர் என்றால் மொத்தம் 2,300 வாட்தான். இரண்டு கிலோவாட் கெட்டிலும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். அப்படி விழுந்து, அலுவலகமும் மூடியிருந்தால் இரவு முழுக்கக் குளிர்தான்.

தர்சோவுக்கும் உல்லாபூலுக்கும் இடையே பெரிய சூப்பர்மார்க்கெட் இல்லை. சிறு கடைகள் உண்டு, ஞாயிறன்று சில மூடியிருக்கும். அரிசி, பருப்பு, புளி, சாம்பார்ப் பொடியை கிளாஸ்கோ அல்லது எடின்பரோவிலேயே வாங்கிவிடுங்கள். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று கேஸைக் கணிசமாகக் குறைக்கும். விசில் வரும்போது கூரை ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நீராவி சுவரில் வியர்த்துப் படுக்கை நனையும். டீசல் பாதியானதும் அடுத்த பங்க்கில் நிரப்புங்கள்.

காற்றும் பூச்சியும்

வாடகை வண்டிகளில் அடிக்கடி நடக்கும் சேதம், காற்று கதவைப் பிடுங்கிக் கீலை வளைப்பது. காற்றை நோக்கி முகப்பை வைத்து நிறுத்துங்கள். கதவைத் திறக்கும்போது கையை எடுக்காதீர்கள். வெய்யில் மறைப்பை விரித்துவிட்டு வெளியே போகக் கூடாது. பல ஒப்பந்தங்களில் கூரை, டயர், அடிப்பக்கச் சேதம் காப்பீட்டில் வராது; கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். மிட்ஜ் பூச்சிக்குக் காற்று ஆகாது, மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் பறக்க முடியாது. எனவே அமைதியான மாலையில் மரங்களுக்கு நடுவே நிறுத்தாமல் காற்றாடும் திறந்த இடத்தைத் தேடுங்கள். புல்லில் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். லைம் நோய் பரப்பும். உண்ணியைப் பிடுங்கும் சிறு கொக்கி மருந்துக் கடையில் கிடைக்கும்.

அவசரத்துக்கு 999. பெரிய மருத்துவமனை இன்வர்னெஸில், அதற்கு அடுத்தது விக்கில். தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் பயண நாள்களுக்கு மேல் நான்கு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் காலை, கேர்லாக் கேம்ப்சைட்டை விட்டுக் கிளம்புமுன் கேசட்டையும் கழுவுநீர்த் தொட்டியையும் காலி செய்து அலசிவிடுங்கள். இன்வர்னெஸ் போனபின் இடம் தேடி அலைய நேரம் இருக்காது. அழுக்கோடு ஒப்படைத்தால் வாடகைக்காரர் தனிக் கட்டணம் போடுவார்.